பெரியம்மா சொன்ன ஆமென்

“அன்பின் ஆண்டவரே, இந்த வீட்டில ஒரு பெண்பிள்ளைக்கு ஐதராபாத்தில படிக்க எடம் கெடைச்சிருக்கு. வாறேன், வரேல்லன்னு திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். இஞ்ச இருக்கிய ஆருக்கும் இது தெரியாது. உமக்குத் தெரியும், கர்த்தாவே.”

இந்தக் கடைசி வாக்கியம் முடிந்தபோது எங்கள் கூடத்தில் அது தெரியாதவர் ஒருவரும் இல்லை.

யாரும் கண்ணைத் திறக்கவில்லை. ஜெபத்தின் நடுவே கண் திறப்பது எங்கள் சபையில் முறையல்ல. ஆனால் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிறீச்சிட்டன. எவரோ மூச்சை உள்ளே இழுத்து, அதை வெளியே விட மறந்துபோனார்கள். அடுக்களையில் வெந்துகொண்டிருந்த மரச்சீனிக் கிழங்கின் ஆவி மட்டும் எந்த அதிர்ச்சியும் அடையாமல் கூடத்துக்குள் வந்துகொண்டிருந்தது.

பெரியம்மா தொடர்ந்தாள். “கண்ணெத்தாத்த ஊராக்கும் அது. பெண்பிள்ளை தனிச்சு நிக்கக்கூடிய எடமில்ல. அவளுக்க தாய்க்கு நல்ல புத்தியைக் கொடும். பேரும் பெருமையும் வேண்டாம், உம்முடைய சித்தம் மட்டும் மதி, அது போதும்னு நெனைக்கிய மனசைக் கொடும்.”

அந்தத் தாய் ஜன்னலோர நாற்காலியில் அமர்ந்திருந்தாள். அவள் என் அம்மா, லீலாபாய். ஜெபித்தவள் அவளுடைய உடன்பிறந்த அக்கா, கனகபாய். இருவரும் பேசிக்கொள்வதை நிறுத்திச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஆண்டுகள் முழுவதும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் ஒரே கூடத்தில் அமர்ந்து, ஒருவர் காதில் விழும்படி மற்றவர், ஆண்டவரிடம் மட்டும் பேசிவந்தார்கள்.

பெண்பிள்ளை நான்.

ஜெபக்குறிப்பு பயணம் செய்யும் விதம்

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொல்லயில் என்ற எங்கள் பகுதியில் ஒரு செய்தியைப் பரப்புவதற்கு அலைபேசி வருவதற்கு முன்பே சிறந்த ஏற்பாடு இருந்தது. அதன் பெயர் ஜெபக்குறிப்பு. ஒருவருடைய வீட்டு விஷயத்தை மற்றவரிடம் சொன்னால் அது புறங்கூறுதல், புறங்கூறுதல் பாவம். அதே விஷயத்தைக் குரலைத் தாழ்த்தி, “ஜெபிக்கணும், கேட்டியா” என்று முடித்தால் அது ஊழியம்.

எனக்கு ஐதராபாத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒப்பிலக்கியம் படிக்க இடம் கிடைத்ததை அம்மா ஒரே ஒருவரிடம்தான் சொன்னாள். எங்கள் சபை உபதேசியாரின் மனைவியிடம். “வெளிய தெரியண்டாம், ஜெபத்தில மட்டும் வெச்சுக்கிடுங்க” என்று இரண்டு முறை அழுத்திச் சொன்னாள்.

அந்த அம்மையார் வாக்குத் தவறாதவர். ஜெபத்தில் மட்டும்தான் வைத்தார். ஜெபிப்பவர் எண்ணிக்கை கூடினால் ஜெபம் வலுப்பெறும் என்பது எங்கள் நம்பிக்கை ஆகையால், வாட்ஸ்அப் குரல்பதிவாக இன்னும் சிலருக்கு அனுப்பிவைத்தார். அது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை அது பெரியம்மா வாயிலாக எங்கள் கூடத்துக்கே திரும்பி வந்து சேர்ந்தது.

இலக்கியம் படிப்பவள் என்ற முறையில் நான் இந்த வகைமையைச் சற்று உன்னிப்பாகக் கவனித்திருக்கிறேன். இதில் கேட்பவர் ஆண்டவர். ஆனால் அவருக்குத் தெரியாத விவரங்களே அதிகம் சொல்லப்படும். அருகில் அமர்ந்திருப்பவரை ‘அவள்’ என்றும் ‘ஒரு சகோதரி’ என்றும் தொலைவில் நிறுத்துவார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் குறுக்கே பேச முடியாது. முடிவில் அவரும் ஆமென் சொல்லியாக வேண்டும். உலகின் எந்த நீதிமன்றமும் இவ்வளவு முழுமையான நடைமுறையை உருவாக்கியதில்லை.

மதிலுக்கு அப்பால் குடியிருக்கும் சாந்தா சேச்சி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலை விளக்கேற்றிவிட்டு, துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவதாகச் சொல்லிக்கொண்டு எங்கள் ஜன்னலுக்கு நேரே நிற்பார். துளசி எவ்வளவு தண்ணீரைத் தாங்கும் என்பது தாவரவியலார் ஆராய வேண்டியது. ஒருமுறை என்னிடம் உண்மையான அக்கறையோடு கேட்டார்: “அம்மையும் பெரியம்மையும் இத்தறயும் பறஞ்சிட்டும் நிங்ஙளுடெ தெய்வம் ஒண்ணும் மிண்டில்லே மோளே?”

தெய்வம் இன்னும் வாய் திறக்காதது பொறுமையால்தான் என்று சொல்லிவைத்தேன்.

ஒரு விடுப்பின் வரலாறு

இந்தப் பகை தொடங்கியதும் ஒரு ஜெபத்தில்தான்.

அப்பா அப்போது வளைகுடாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் பண்டகசாலைப் பொறுப்பாளராக இருந்தார். நாங்கள் அமர்ந்து ஜெபிக்கும் பெரிய கூடம் அந்தச் சம்பளத்தில் கட்டியது. தெருவில் வேறு எந்த வீட்டிலும் இத்தனை நாற்காலி போட இடமில்லை. அதனால்தான் வெள்ளிக்கிழமைக் கூட்டம் எப்போதும் எங்கள் வீட்டில்.

ஒரு நாள் அந்த வேலை போயிற்று. அப்பா இரண்டு பெட்டிகளோடும் ஒரு கம்பளியோடும் வந்து இறங்கினார். கேட்டவர்களிடம் விடுப்பு என்றார். மாதங்கள் கடந்தன, விடுப்பு நீண்டது. அம்மா இரவு முழுக்க அழுதது எனக்குத் தெரியும். விடிந்ததும் அவள் போய் உண்மையைச் சொன்ன ஒரே இடம் அக்காவின் வீடு.

அந்த வெள்ளிக்கிழமை பெரியம்மா உருகி உருகி ஜெபித்தாள்: “வேலை போயி வந்தும் லீவுன்னு பறஞ்சு வீட்டுக்குள்ள ஒளிச்சிருக்கிய எங்க தம்பியை நினைச்சருளும் ஆண்டவரே. வாய் தொறந்து சொல்ல நாணப்படுகிய அவனுக்க நாணத்தை எடுத்துப் போடும்.”

அவளுடைய கண்ணீர் உண்மையானது. அதைத்தான் அம்மாவால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. பொய்க் கண்ணீராக இருந்திருந்தால் வெறுப்பது எளிதாக இருந்திருக்கும்.

அப்பாவின் நாணம் ஒரே மாலையில் எடுத்துப்போடப்பட்டது. மறுநாள் மீன் விற்க வந்தவரே ஆறுதல் சொன்னார். அப்பா பாறசாலைச் சந்திப்பில் வண்ணப்பூச்சும் ஆணியும் விற்கும் சிறு கடை ஒன்றைத் தொடங்கினார், இன்றும் நடத்துகிறார். ஆனால், எப்போது திரும்பிப் போகிறீர்கள் என்று யாராவது கேட்டால் இன்றும், “லீவு முடியட்டும்” என்பார். எங்கள் குடும்பத்தில் கிண்டல் செய்யும் உரிமை என் ஒருத்திக்கு மட்டும் உரியதல்ல.

அம்மா அன்றோடு பெரியம்மாவிடம் பேசுவதை நிறுத்தினாள். பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினாள். வெள்ளிக்கிழமை வருவாளே என்றால், அது வீட்டுக்கு வருவதல்ல, ஜெபத்துக்கு வருவது. ஜெபம் நடக்குமிடத்தைச் சுற்றி எங்கள் வீடு இருந்தது அவள் பிழையல்ல.

மன்னிக்கப்பட ஆளில்லை

மன்னிப்பைப் பற்றி எங்கள் சபையில் கேட்காத பிரசங்கம் இல்லை. அதனால் எல்லோரும் மன்னிப்பதில் நன்கு தேர்ச்சி பெற்றவர்கள்.

புதிதாக வந்த போதகர் ஒருவர், இளைஞர், திருவிருந்து ஞாயிறுக்கு முன் இந்த இரு சகோதரிகளையும் ஒப்புரவாக்கியே தீருவது என்று புறப்பட்டார். முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“நான் அவளை என்னைக்கோ மன்னிச்சாச்சு அய்யா” என்றாள் அம்மா. “அவ வந்து ஒரு வார்த்தை கேட்டா மதி.”

போதகர் மகிழ்ந்து, வேலியோர வழியாகவே பெரியம்மா வீட்டுக்கு நடந்தார். அங்கே பெரியம்மா, “நான் ஜெபிச்சது குத்தமா அய்யா? அதுக்கு அவ பகைச்சுக்கிட்டு நடக்கியா. போட்டும், நானும் மன்னிச்சாச்சு. அவ வந்து பேசினா நான் பேசமாட்டேன்னா சொல்லுதேன்?” என்றாள்.

போதகர் திரும்பி எங்கள் முற்றத்துக்கே வந்து, சற்று நேரம் பலாமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். “ரெண்டு பேரும் மன்னிச்சாச்சு. மன்னிப்பை வாங்கிக்கிடத்தான் ஆளில்லை” என்றார். அவருக்கு விரைவிலேயே பூவார்ப் பக்கம் மாற்றலாகியது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று நம்புகிறேன்.

நான் இதில் எவரையும் குறை சொல்லவில்லை. மன்னிப்பது உயரத்தில் நின்று செய்கிற செயல்; கையை நீட்டினால் போதும். மன்னிக்கப்படுவதற்குக் குனிய வேண்டும். எங்கள் குடும்பத்துப் பெண்களுக்கு முதுகெலும்பில் ஏதோ கோளாறு இருக்கிறது. அது எனக்கும் வந்திருக்கிறது.

பெரியம்மாவின் மகள் ஜாஸ்மின் அக்காவுக்கும் அது உண்டு. ஜாஸ்மின் அக்காவுக்கு டில்லியில் செவிலியர் படிப்புக்கு இடம் கிடைத்தது. பெரியம்மா மூன்று நாள் உபவாசம் இருந்து, உள்ளத்தில் சமாதானம் இல்லை, ஆகவே அது தேவசித்தம் அல்ல என்று அறிவித்தாள். அக்கா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பிறகு நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் ரசீது போடும் வேலைக்குப் போனாள். மணமாகித் திருப்புறத்தில் குடியேறினாள். அம்மையை மன்னித்துவிட்டதாகத்தான் அவளும் சொல்கிறாள். கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருகிறாள்.

சித்தம் செல்லும் தடம்

இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்த தோழி ஒருவர், நீங்கள் உண்மையிலேயே விசுவாசிதானா என்று கேட்டிருந்தார். ஆம். விசுவாசி என்பதால்தான் இதையெல்லாம் இவ்வளவு கவனமாகப் பார்த்துவைத்திருக்கிறேன். நம்பாதவர்களுக்கு இந்த அளவு அக்கறை தேவையில்லை.

தேவசித்தத்தை அறிவதில் எங்கள் பகுதிக்கென ஓர் ஒழுங்கு இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறேன். அது பெரும்பாலும் களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் பேருந்துத் தடத்தை ஒட்டியே செல்கிறது. அத்தடத்தில் உள்ள கல்லூரிகள் தேவசித்தத்துக்கு உட்பட்டவை. மாலை ஆறு மணிக்குள் வீடு திரும்ப முடிகிற வேலைகளும் அவ்வாறே. இரவு ரயிலில் ஏற வேண்டிய இடங்களைப் பற்றி மட்டும் நீண்ட ஜெபம் தேவைப்படுகிறது. பையன்களின் விஷயத்தில் இந்தத் தடம் துபாய் வரை நீள்வதையும் நேர்மையாகப் பதிவுசெய்ய வேண்டும்.

முதலிடம் யாருக்கு என்ற பிரசங்கத்தை ஆண்டுக்கு ஒருமுறையாவது கேட்கிறோம். முதலிடம் ஆண்டவருக்கு என்பதில் எங்கள் வீட்டில் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. குழப்பம் இரண்டாமிடத்தில்தான். அது குடும்பத்துக்கு உரியது என்று போதகர்கள் சொல்வார்கள். அங்கே பல காலமாக, ‘சபையில் நாலுபேரு என்ன சொல்லுவினும்’ என்கிற கேள்வி காலை நீட்டி அமர்ந்திருந்தது. அது அவ்வப்போது முதலிடத்துக்கும் எட்டிப் பார்க்கும்.

எனக்குச் சேர்க்கைக் கடிதம் வந்த நாளில் அம்மா கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரலை வைத்தாள். வம்ச வரலாறு வந்தது. இன்னார் இன்னாரைப் பெற்றார் என்ற நெடும்பட்டியலில் ஐதராபாத்தைப் பற்றிய குறிப்பு எதுவும் இல்லை. இன்னொருமுறை திறந்தாள். இம்முறை விரல் கடைசிப் பக்கங்களில் போய் விழுந்தது. பழங்கால நாடுகளின் வண்ண வரைபடம். கடல் வழியே சிவப்புக் கோடுகள் ஊர் ஊராக ஓடின.

“யாத்திரைக்க படமாக்கும்மா” என்றேன்.

அம்மா படத்தை நெடுநேரம் பார்த்தாள். “படம் வசனமில்ல” என்று மூடிவைத்தாள்.

இந்த இறையியல் நுணுக்கத்தை மேல்முறையீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பாவைப் பார்த்தேன். “அம்மைக்குச் சமாதானம் உண்டுன்னா எனக்கும் உண்டு” என்று அவர் கடைக்குக் கிளம்பினார். வீட்டில் சமாதானம் இறக்குமதி செய்யப்படும் ஒரே வழி அதுதான் என்பது அவருக்குத் தெரியும்.

அம்மாவுக்கு என்னை அனுப்ப விருப்பமில்லாமல் இல்லை. கடிதத்தை முந்தானையால் துடைத்துத்தான் கையில் வாங்கினாள். ஆனால் போய், நான் ஏதாவது தவறி, அது அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு ஜெபமாக அவள் முன்னால் வந்து நிற்பதை அவள் இப்போதே கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்காகத்தான் ரகசியம்.

பதில் ஜெபம்

கூடத்துக்குத் திரும்புகிறேன். பெரியம்மா முடித்தாள். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அம்மா சொன்னது மட்டும் பல்லுக்கு வெளியே வரவில்லை. பிறகு, எதிர்பார்த்தபடியே, அவள் ஆரம்பித்தாள்.

“எல்லாம் அறிஞ்ச தேவனே, அடுத்த வீட்டுப் பிள்ளையளை நடத்த ஞானம் உள்ளவங்களுக்கு, சொந்தப் பிள்ளை ஏன் கிறிஸ்துமஸுக்கு மட்டும் வாறாள்னு அறியவும் ஞானத்தைக் கொடும்.”

ஜன்னலுக்கு வெளியே துளசிக்கு விழுந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றது.

நான் கண்களை அரைவாசி திறந்தேன். இதுவே என் முறைமீறல்களில் பெரியது. பெரியம்மா தலையில் போட்டிருந்த முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். உபதேசியார், அவர் மெல்லிய உடலும் மெல்லிய குரலும் கொண்டவர், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பெரியம்மா மூச்சை இழுத்து மறு ஜெபத்துக்கு ஆயத்தமாவது தெரிந்தது. அவர் அவசரமாக முந்திக்கொண்டார்.

“முடிவு ஜெபம்… முடிவு ஜெபம் நம்ம ஷெரின் மோள் பண்ணட்டும். அவளுக்க காரியமாக்குமே நாம இப்ப… ஆங்… நெனைச்சது.”

நான் அதுவரை வாய்விட்டு ஜெபித்ததே இல்லை. சபையில் என்னை ஊமைப் பிள்ளை என்று செல்லமாகச் சொல்வதுண்டு.

நான் வாய் திறந்தது

அந்தச் சில நொடிகளில் எனக்கு எங்கள் கூட்டத்தின் இன்னொரு பழக்கம் நினைவுக்கு வந்தது. இன்னும் நடக்காத ஒன்றை நடந்துவிட்டதாகவே கருதி நன்றி சொல்வது. நோய் தீருமுன்பே தீர்த்ததற்கு ஸ்தோத்திரம். விசா வருமுன்பே தந்ததற்கு ஸ்தோத்திரம். இதற்கு விசுவாசம் என்று பெயர். நன்றிக்கு ஆமென் சொல்லாமல் இருக்க முடியாது. சொல்லாவிட்டால் விசுவாசமில்லாதவர் என்று ஆகிவிடும்.

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

“ஆண்டவரே, படிக்க இடம் கொடுத்ததற்காக ஸ்தோத்திரம். போகலாம் என்று அம்மாவின் உள்ளத்தில் சமாதானத்தைத் தந்துவிட்டதற்காக ஸ்தோத்திரம். திங்கட்கிழமை காலையில் நான் வருகிறேன் என்று எழுதப்போவதற்காக ஸ்தோத்திரம். இயேசுவின் நாமத்தில் பிதாவே.”

அவ்வளவுதான். மேடைத் தமிழில், நிறுத்தற்குறிகளோடு, ஜெபித்தேன்.

அது ஜெபமா, பொறியா என்று அப்போதும் கேட்டுக்கொண்டேன். நான் ஒரு வார்த்தையும் விரும்பாமல் சொல்லவில்லை. அதே நேரம், அதில் ஒரு வார்த்தையும் ஆண்டவருக்காக மட்டும் சொல்லவில்லை. பெரியம்மாவின் வகைமையில் நானும் ஒரு படைப்பை எழுதிவிட்டேன் என்பது புரிந்தபோது காதுகள் சுட்டன.

ஆமென் வரவில்லை.

உபதேசியார் அம்மாவுக்காகக் காத்திருந்தார். மற்றவர்கள் உபதேசியாருக்காகக் காத்திருந்தார்கள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா உதடுகளை ஒன்றன்மேல் ஒன்று அழுத்தி மூடியிருந்தாள். அது எனக்குப் பார்க்காமலே தெரியும்.

அப்போது எதிர்மூலையிலிருந்து தனியாக, சற்றுக் கரகரப்பாக, ஒரு ஆமென் கேட்டது.

பெரியம்மா.

சற்று முன்பு இதே கூடத்தில் நான் போகக்கூடாது என்று மன்றாடியவள் அவள். நான் கண்களை முழுதாகத் திறந்துவிட்டேன். எல்லோருமே திறந்திருந்தார்கள். பெரியம்மா மட்டும் மூடியபடி இருந்தாள். முக்காட்டின் ஓரத்தால் கன்னத்தைத் துடைத்தாள்.

தன் மகளுக்காகச் சொல்லப்பட்ட நன்றிக்கு அக்கா ஆமென் சொல்லி, தான் சொல்லாமல் இருப்பது என்பது அம்மாவின் கணக்கில் எந்த நிலையிலும் பொருந்தாத ஒன்று. “ஆமென்!” என்றாள், பெரியம்மாவைவிட உரக்க, மதிலுக்கு அப்பால் கேட்கும்படி. அதன்பின் எல்லோரும் சொன்னார்கள். வெளியிலிருந்து மலையாளத் தொனியில் ஒரு ஆமென் வந்ததாகவும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

என் எதிர்காலம் தீர்மானிக்கப்பட்ட விதம் இதுதான். தேவசித்தம் இப்படியெல்லாமா வெளிப்படும் என்று கேட்டால், நாங்கள் கொடுத்த கருவிகளைக் கொண்டுதானே அவரும் வேலை செய்ய வேண்டியிருக்கிறது என்பேன்.

எவர்சில்வர் டம்ளர்

அடுக்களைக்குள் போனேன். அம்மா எனக்கு முதுகைக் காட்டிச் சாயா ஆற்றிக்கொண்டிருந்தாள். அப்பா கிழங்கைத் தட்டுகளில் பரப்பிக்கொண்டிருந்தார். கூட்டம் நடக்கும் நேரமெல்லாம் அவருடைய இடம் அதுதான்.

“நீ ஜெபிச்சது ஜெபமா, வக்கீல் நோட்டீசா?” என்றாள் அம்மா.

நான் டம்ளர்களைத் தட்டில் அடுக்கினேன்.

“ஆமென் சொல்லியாச்சு. இனி மாத்தவா ஒக்கும்” என்றாள். பாத்திரத்தைச் சற்று ஓங்கி வைத்தாள். அப்பா ஒரு துண்டுக் கிழங்கை எடுத்து என் வாயில் வைத்தார். “எனக்கும் சமாதானம் உண்டு” என்றார்.

தட்டில் கண்ணாடி டம்ளர்களுக்கு நடுவே, வழக்கம்போல, ஓர் எவர்சில்வர் டம்ளர் இருந்தது. அதில் சீனி இல்லாத சாயா. அது பெரியம்மாவுக்கு. பல வெள்ளிக்கிழமைகளாக அதைக் கொண்டுபோய்க் கொடுப்பவள் நான்தான். இத்தனை பேருக்கு இனிப்பாகவும் அக்காவுக்கு மட்டும் கசப்பாகவும் கொடுக்கிற அம்மாவின் நுட்பத்தை நான் ஓரளவு ரசித்தும் இருக்கிறேன். பகையைக்கூட இவ்வளவு ஒழுங்காக நடத்த முடியுமா என்று. பெரியம்மாவும் முகம் சுளிக்காமல், சிலுவை சுமப்பவளின் பாவனையில், கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான் போவாள்.

அன்று நான் தட்டைத் தூக்குமுன் அம்மா அந்த டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டாள். கூடத்துக்குள் நடந்துபோய் பெரியம்மாவின் முன்னால் நீட்டினாள்.

பெரியம்மா வாங்கி ஒரு வாய் குடித்தாள். பிறகு, கண்களைத் திறந்துகொண்டு, ஆண்டவரை நடுவில் வைக்காமல், தங்கையிடம் நேராகப் பேசினாள்.

“ஏட்டி லீலா, இன்னைக்காவது ஒரு கரண்டி சீனி போடப்பிடாதா? எத்தற நாளாக்கும் இந்தக் கைப்புச் சாயாவைக் குடிக்கிது!”

“சுகர் உள்ளவளுக்குச் சீனி கலக்கித் தரணுமாக்கும்?”

பெரியம்மா டம்ளரைத் தாழ்த்தினாள். “எனக்குச் சுகர் உண்டுன்னு உனக்கு ஆரு சொன்னது?”

“நீதான் சொன்ன. ஆண்டவருக்கிட்ட சொல்லும்போ நானும் இஞ்சதான இருந்தேன்.”

கூடத்தில் யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள். பெரியம்மா சிரிக்கவில்லை. டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள், அதன் அடியில் ஏதோ எழுதியிருப்பதுபோல.

“பிள்ளை போவாண்டாம்னு ஜெபிச்ச. பொறவு நீயே மொதல்ல ஆமென் சொன்ன. இதில எதாக்கும் உனக்க உள்ளது?” என்று அம்மா கேட்டாள். அவளுக்கு விளக்கம் இல்லாமல் எதையும் விட்டுவிடத் தெரியாது.

“மொதல்ல உள்ளது பயம். ஜாஸ்மினுக்கும் அதைத்தான் சொன்னேன், சித்தம்னு பேரு வெச்சு.” பெரியம்மா மீதிச் சாயாவை விழுங்கினாள். “பொறவு சொன்ன ஆமென் அவளுக்குச் சொல்ல வேண்டியதாக்கும். பிந்திப் போச்சு. உனக்க பிள்ளைக்காவது இருக்கட்டும்.”

அம்மா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “அவரு காரியத்தையும் நீ…” என்று ஆரம்பித்து, அடுக்களைப் பக்கம் பார்த்துவிட்டு நிறுத்தினாள். அப்பா கிழங்குத் தட்டோடு அங்கேயே நின்றிருந்தார்.

“அது சொல்லியிருக்கப்பிடாது” என்றாள் பெரியம்மா. தரையைப் பார்த்துத்தான் சொன்னாள். முதுகு மிகக் கொஞ்சமாக, பழகாத கதவு திறப்பதுபோல, வளைந்தது. “தம்பி, அன்னைக்கு நான் சொல்லியிருக்கப்பிடாது.”

அப்பா தட்டை அவள் முன்னால் நீட்டினார். “கிழங்கும் அதிகம் தின்னப்பிடாது அக்கா. சுகர் உண்டே” என்றார்.

திங்கட்கிழமை காலை, வருகிறேன் என்று பதில் எழுதி அனுப்பினேன். அம்மா அருகிலேயே நின்று, அனுப்பும் பொத்தானை நான் அழுத்துகிற வரை என் தோளைப் பிடித்திருந்தாள். பிறகு அலைபேசியை என் கையிலிருந்து வாங்கி, சில ஆண்டுகளாக அழைக்காத ஓர் எண்ணை அழைத்தாள்.

“அக்கா, எழுதியாச்சு. பிள்ளைக்காக நீ நித்தமும் ஜெபிக்கணும்” என்றாள். மறுமுனையில் பெரியம்மா அப்போதே தொடங்கியிருக்க வேண்டும். அம்மா பதறி இடைமறித்தாள்.

“சத்தமா வேண்டாம். மனசுக்குள்ள மதி.”